லோரியின் முதுகில் ஒரு வீடு

தஞ்சோங் மாலிம் மக்களுக்கு வாகன உற்பத்தி புதிதன்று. பேராக் மாநிலத்தின் தென்கோடியில் பெர்னாம் ஆற்றங்கரையில் இவ்வூர் அமைந்துள்ளது. ஆற்றைக் கடந்தால் சிலாங்கூர் தொடங்கிவிடும். ஊரை ஒட்டியுள்ள புரோட்டோன் சிட்டியில் இருந்துதான் 2004ஆம் ஆண்டு ஜென்-2 மகிழுந்து வெளிவந்தது. அங்கே ஒரு மகிழுந்தைப் போலவே அடுத்ததும் இருக்கும். ஒரே அச்சில் வார்த்த பாகங்கள், ஒரே வரிசையில் பொருத்தப்பட்டு, வழவழப்பான தார்ச்சாலையில் ஓடுவதற்காக வெளியே வருகின்றன.

ஆனால், ஊரிலிருந்து கிழக்கே தித்திவங்சா மலையடிவாரத்தை நோக்கிச் சென்றால் தார்ச்சாலை வெகுதூரம் வராது. இரப்பர் மரங்களுக்கும் செம்பனைகளுக்கும் இடையே செம்மண் பாதைகள் தொடங்கும். ஒரு பிற்பகல் மழை பெய்தாலே போதும். மகிழுந்தின் சக்கரங்கள் சேற்றில் சுழலுமே தவிர நகரா. இத்தகைய பாதைகளில் நாள் கணக்கில், வாரக் கணக்கில் பயணம் செய்யவும், ஆங்காங்கே சமைத்து உண்டு உறங்கவும் ஏற்றவாறு உருவாக்கப்படும் வாகனமே பயண லோரி. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மின்வசதி ஆகிய அனைத்தையும் அது தன் முதுகிலேயே சுமந்து செல்லும். விடுமுறையில் கடற்கரை முகாமுக்கு இழுத்துச் செல்லப்படும் கேரவனும் வீடுதான். எனினும், கேரவன் சாலையை நம்பியிருக்கிறது. பயண லோரிக்குச் சாலை இல்லாவிட்டாலும் பாதகமில்லை. இந்த ஒரு வேறுபாடுதான் அதைக் கட்டும் முறை முழுவதையும் மாற்றிவிடுகிறது.

நெடுந்தூரத் தரைப்பயணத்தின் வரலாற்றில் மலாயாவுக்கும் ஓர் இடம் உண்டு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் இலண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர் வாகனங்களில் புறப்பட்டனர். ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா, பர்மா, தாய்லாந்து ஆகியவற்றைக் கடந்து மலாயாவுக்குள் நுழைந்த அவர்கள், 1956ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தனர். மலாயாவில் அப்போது அவசரகாலம் நடப்பில் இருந்தது. அவர்கள் ஓட்டி வந்த வாகனங்கள் மிகச் சிறியவை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 86 அங்குலமே இருந்தது. அதாவது ஏறத்தாழ 218 சென்டிமீட்டர். ஒவ்வொன்றிலும் மூவர் அமர்ந்து, சாமான்களைக் கூரைச் சட்டத்திலும் ஏற்றிய பிறகு, உள்ளே கால் நீட்டிப் படுக்க ஏது இடம்? பயணக் குழுவைச் சேர்ந்த டிம் ஸ்லெஸ்ஸர் எழுதிய நூல் இப்பயணத்தை உலகறியச் செய்தது. அவ்விரண்டில் ‘ஆக்ஸ்போர்டு’ எனப் பெயரிடப்பட்ட வாகனம் பல ஆண்டுகளுக்குப் பிறகு மீட்டுச் சீரமைக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டு சிங்கப்பூரிலிருந்து இலண்டன் வரை திரும்பவும் ஓடியது. குளிர்சாதனமும் மெத்தையும் இல்லாத ஒரு வாகனம் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஓடியதென்றால், அதன் எளிமைக்கும் எடைக்குறைவுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

ஒரு வேலைக்காகச் செய்த லோரியை வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளும் பழக்கமும் இந்நாட்டில் நெடுங்காலமாகவே உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எஞ்சிய இராணுவ லோரிகளைப் பட்டறைகள் வாங்கி, முன்புறத்தை வெட்டிச் சுருக்கி, இரும்பு வடம் சுற்றும் வின்ச் பொருத்தி, காட்டு மரம் இழுக்கும் லோரிகளாக மாற்றின. ‘சன் தாய் வோங்’ என்று அழைக்கப்பட்ட அந்த முரட்டு லோரிகளைப் பழைய தோட்டவாசிகள் பலர் இன்றும் மறந்திருக்க மாட்டார்கள்.

பயண லோரியைக் கட்டுவோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. லோரியின் அடியில் இரண்டு நீண்ட எஃகுத் தண்டவாளங்கள் இருக்கும். அவற்றைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும். படுக்கவைத்த ஏணியைப் போன்ற இந்த அமைப்பே அடிச்சட்டம் அல்லது சேசிஸ் எனப்படுகிறது. மேடுபள்ளமான நிலத்தில் இந்த ஏணி முறுக்கிக்கொள்ளும். முன்பக்க இடச்சக்கரம் ஒரு பாறை மேல் ஏறும்போது பின்பக்க வலச்சக்கரமும் மேட்டில் இருந்தால், அடிச்சட்டத்தின் முன்பாதி ஒரு புறமும் பின்பாதி மறுபுறமும் சாயும். இது குறையன்று, வேண்டுமென்றே அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது. சட்டம் வளைந்து கொடுப்பதால்தான் நான்கு சக்கரங்களும் மண்ணை விடாமல் பற்றுகின்றன.

வீட்டின் இயல்போ இதற்கு நேர்மாறானது. சுவரும் கூரையும் தரையும் சேர்ந்த பெட்டி, வளைய மறுக்கும். இதை அறிய ஒரு காலணிப் பெட்டி போதும். மூடியை எடுத்துவிட்டு இரு முனைகளையும் பிடித்துத் திருகினால் பெட்டி எளிதில் முறுக்கிக்கொள்ளும். மூடியைப் பசை தடவி ஒட்டியபின் திருகிப் பார்த்தால் அது விறைத்து நிற்கும். மேலும் வலுவாகத் திருகினால் வளையாது, கிழியும். முறுக்கிக்கொள்ளும் அடிச்சட்டத்தின் மேல் விறைப்பான வீட்டை ஆணியடித்தாற்போல் இறுக்கிப் பிணைத்தால் லோரியிலும் இதுவே நடக்கும். முதலில் கதவு இறுகிக்கொள்ளும். பிறகு சன்னல் மூலைகளில் கீறல் விழும். அதன் வழியே மழைநீர் இறங்கும். இறுதியில் பற்றவைத்த இணைப்புகளோ அடிச்சட்டமோ வெடிக்கும். புதிதாகக் கட்டுவோர் பலர் அழகிய மரவேலைக்குப் பல மாதம் செலவிட்டுவிட்டு, இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறார்கள்.

இதற்கான தீர்வு முக்காலியிடம் இருக்கிறது. நான்கு கால் நாற்காலி கரடுமுரடான தரையில் ஆடும். முக்காலியோ எத்தகைய தரையிலும் ஆடாமல் நிற்கும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பது வடிவியல் விதி. அதைப் போலவே, வீட்டைத் தாங்கும் இடைச்சட்டம் ஒன்றைத் தனியே செய்து, அதை அடிச்சட்டத்தின் மேல் மூன்று இடங்களில் மட்டும் அமர்த்துவார்கள். ஒரு முனையில் இரண்டு இடங்களில் உறுதியாகப் பிணைப்பார்கள். மறுமுனையின் நடுவில், அச்சைச் சுற்றிச் சாய்ந்து கொடுக்கும் ஒரே ஒரு மூட்டை வைப்பார்கள். கீழே அடிச்சட்டம் எப்படி முறுக்கினாலும் மேலே வீடு தன் வடிவத்தை இழக்காது. வேறு சிலர் ஒரு முனையை இறுக்கிவிட்டு, மறுமுனையில் வலுவான சுருள்விற்களைக் கொண்டு இடைச்சட்டத்தை அமுக்கி வைப்பர். முறுக்கம் வரும்போது வில் இடம் கொடுத்து, பிறகு பழைய நிலைக்கு இழுத்துக்கொள்ளும். தீயணைப்பு வண்டிகளிலும் எண்ணெய்த் தாங்கி லோரிகளிலும் இவ்வகை ஏற்பாடுகளைக் காணலாம். ஜெர்மனியில் போருக்குப் பிறகு உழவுக்காக உருவாக்கப்பட்ட யூனிமோக் என்னும் வாகனம் பயண லோரிக்காரர்களிடையே இன்றளவும் புகழ் பெற்றிருக்கிறது. அதன் சட்டம் தாராளமாக முறுக்கிக் கொடுக்கும் என்பதால், அதன் மேல் பெட்டி கட்டுவோர் இவ்வகைத் தாங்கலைத் தவிர்க்கவே முடியாது.

வீட்டின் சுவருக்கு எந்தப் பொருள் ஏற்றது? ஒட்டுப்பலகை மலிவானது; ஆனால் மலேசிய ஈரப்பதத்தில் விளிம்பு வழியே நீர் புகுந்தால் உளுத்துவிடும். இரும்புத் தகடு வலுவானது. எனினும் கனமானது, நண்பகல் வெயிலில் அடுப்பாகவும் மாறிவிடும். ஆகவே, கண்ணாடியிழைத் தாள்கள் இரண்டுக்கு நடுவே கெட்டி நுரையை வைத்து ஒட்டிய பலகைகளையே பெரும்பாலோர் தெரிந்தெடுக்கிறார்கள். நுரை வெப்பத்தைத் தடுக்கும்; இரு தாள்களும் சேர்ந்து வலுவைத் தரும். குளிர்நாட்டார் வெப்பம் வெளியேறாதிருக்கக் கவலைப்படுவர். இங்கே கவலை வேறு: வெப்பம் உள்ளே வரக்கூடாது, மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் எழும் ஈரக்காற்று வெளியேற வேண்டும். எனவே வெள்ளை வண்ணம், எதிரெதிர்ச் சன்னல்கள், கொசுவலை, கூரையில் சிறு காற்றாடி ஆகியவை இங்கே ஆடம்பரமாகா. செம்பனை மட்டைகள் தாழ்ந்து தொங்கும் பாதையில் செல்ல வேண்டியிருப்பதால் உயரத்தையும் அளந்தே முடிவு செய்ய வேண்டும். உயரம் கூடக்கூடப் புவியீர்ப்பு மையமும் மேலேறும். சரிவில் லோரி கவிழும் ஆபத்தும் பெருகும்.

எல்லாவற்றிலும் கண்டிப்பான ஆசிரியர் எடைதான். ஒரு பிக்-அப் வாகனம் ஏறத்தாழ ஒரு டன் சுமக்கும் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெற்றுப் பெட்டி 450 கிலோகிராம். படுக்கை, அலமாரி, அடுப்பு மேடை 120. தண்ணீர் 120 லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோகிராம் என்பதால் அதுவும் 120. கூடுதலாக 80 லிட்டர் டீசல் ஏறத்தாழ 67. மின்கலமும் சூரியத் தகடும் 60. பயணம் செய்யும் இருவர் 140. மாற்றுச் சக்கரமும் கருவிகளும் 80. உணவும் உடையும் 70. கூட்டினால் 1,107 கிலோகிராம்! பட்டியலில் எதுவும் வீண் பொருளாகத் தெரியவில்லை. ஆயினும் வாகனம் புறப்படும் முன்பே அளவை 107 கிலோகிராம் மீறிவிட்டது.

இந்த 107 கிலோகிராம் வெறும் எண்ணன்று. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுப் பாதையை எண்ணிப் பார்க்கலாம். அளவுக்கு மீறிய சுமையோடு இறங்கும் வண்டியில் பிரேக்கை மீண்டும் மீண்டும் மிதித்தால், உராய்வுத் தகடுகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிறகு மிதித்தாலும் வண்டி நிற்காது. காட்டுப் பாதையிலோ வில்லும் அச்சும் முறியும். அவ்விடத்தில் உதவி கிடைக்க ஒரு நாள்கூட ஆகலாம். ஆகையால், தேர்ந்த பட்டறைக்காரர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் வண்டியை எடைமேடையில் ஏற்றுவார்கள். பழக்குலைகளை ஏற்றிவரும் லோரிகளை நிறுக்கச் செம்பனை ஆலைகளில் எடைமேடை இருப்பதை இப்பகுதி மாணவர்கள் கண்டிருப்பார்கள். மொத்த எடை மட்டும் தெரிந்தால் போதாது. முன்னச்சுக்கு எவ்வளவு, பின்னச்சுக்கு எவ்வளவு, இடம் வலம் சமமா என்பதையும் தனித்தனியே பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை ஒரு பக்கச் சுவரோரம் வைத்துவிட்டால், தொட்டி நிரம்பியதும் லோரி நொண்டியைப் போலச் சாய்ந்தே ஓடும். எனவேதான் தொட்டியைத் தாழ்வாகவும் இரு அச்சுகளுக்கு நடுவிலும் வைக்கிறார்கள்.

டயரைப் பொறுத்தவரை, தோட்டப்புறத்தாருக்கு ஒரு செய்தி மகிழ்ச்சி தரும். மகிழுந்து டயரைவிட லோரி டயரில் இயற்கை இரப்பரின் பங்கு அதிகம். வெப்பத்தையும் கிழிசலையும் தாங்குவதில் அதற்கு நிகரான செயற்கைப் பொருள் எளிதில் அமையவில்லை. இப்பகுதித் தோட்டங்களில் விடியற்காலையில் பால்வெட்டியவர்களின் உழைப்பு, கண்காணாத பாலைவனங்களிலும் உருண்டோடியது. சாதாரண லோரிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டாக இரட்டைச் சக்கரங்கள் இருக்கும். பயண லோரியில் அவற்றைக் கழற்றி, அகலமான ஒற்றைச் சக்கரங்களைப் பொருத்துவது வழக்கம். இரட்டைச் சக்கரங்களின் இடுக்கில் கல் சிக்கி டயரைக் கிழிக்கும். அதோடு, பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்திலேயே செல்லாமல் புதுச்சேற்றை உழவேண்டியும் வரும். சேறு வந்தால் ஓட்டுநர் இறங்கிக் காற்றைக் குறைப்பார். காற்றுக் குறைந்த டயர் நீளவாக்கில் விரிந்து, எடையைப் பரந்த இடத்தில் பரப்பும். கெட்டித் தரைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடைக்க மறக்கக் கூடாது. மறந்தால் டயர் சூடேறி வெடிக்கும்.

மின்சாரக் கணக்கு எளிதே. குளிர்பதனப் பெட்டி, விளக்கு, காற்றாடி, கைப்பேசி ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 வாட்-மணி வேண்டும் என்று கொள்வோர் உண்டு. 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி அளவுள்ள மின்கலம் ஏறத்தாழ 2,400 வாட்-மணியைச் சேமிக்கும். கூரைமேல் சூரியத் தகடு வைத்தால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் காட்டில் நிழலான இடத்தைத் தேடித்தானே லோரியை நிறுத்துகிறார்கள்? நிழலில் தகடு உறங்கிவிடும். ஆகவே, இயந்திரம் ஓடும்போதே மின்கலத்தை நிரப்பும் இணைப்பையும் சேர்த்துவிடுவது அறிவுடைமை.

சமையல் எரிவாயுவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையில் தேங்கும். எனவே, எரிவாயுத் தோம்பை வீட்டுக்குள் திறக்காத தனி அறையில் வைத்து, அவ்வறையின் அடியில் வெளிப்புறமாகத் துளை விட வேண்டும். கசிவு அத்துளை வழியே வெளியேறிவிடும். இதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. எரிபொருள் முழுமையாக எரியாதபோது அது உண்டாகி, குருதியில் உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புழுக்கம் தாங்காமல் இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்காற்றில் உறங்குவோர், புகைக்குழாயில் கசிவு இருந்தால் விழித்தெழாமலே போகக்கூடும். கரிச்சட்டியையோ சிறு மின்னாக்கியையோ மூடிய பெட்டிக்குள் வைப்பதும் அவ்வாறே ஆபத்தானது. கையகல எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையருகே மாட்டினால் போதும். ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவழித்துக் கட்டிய வண்டியில் இக்கருவி மட்டும் விடுபட்டிருந்தால், அது மன்னிக்கக்கூடிய மறதியாகாது.

சட்டமும் குறுக்கிடும். வாகனத்தின் அமைப்பை மாற்றுவோர் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலைப் பெற்று, வாகனத்தைப் பரிசோதனைக்கும் உட்படுத்த வேண்டும். பட்டறையில் வேலை தொடங்கும் முன்பே வரைபடத்தோடு இதைக் கேட்டறிவது நல்லது. பெட்டியைக் கட்டி முடித்த பிறகு பிரிக்கச் சொன்னால் பணமும் போகும், மனமும் நோகும்.

இத்தனை பாடும் பொழுதுபோக்குக்காகவா என்று கேட்கலாம். பொழுதுபோக்குத்தான், 1997ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் பருவமழைக் காலத்தில் நடந்துவந்த மழைக்காட்டுச் சவால் போட்டிக்குப் பல நாடுகளிலிருந்து ஓட்டுநர்கள் வந்தனர். ஆயினும் 2014ஆம் ஆண்டு இறுதியில் கிளந்தானைப் பெருவெள்ளம் மூழ்கடித்தபோதும், 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரும் பகாங்கும் வெள்ளத்தில் தத்தளித்தபோதும், சேற்று விளையாட்டுக்காகப் பழகிய நான்கு சக்கர இயக்க வாகனங்கள் உணவும் மருந்தும் ஏற்றிச் சென்றன. அப்போது பயன்பட்ட பாகங்களுள் ஒன்று, கூரை உயரத்துக்கு எழும்பி நிற்கும் காற்றுக்குழாய். இயந்திரம் காற்றை உறிஞ்சுமிடத்தில் தண்ணீர் புகுந்தால், காற்றைப் போல் அது அமுங்காது. உருளைக்குள் தடியை வளைத்து இயந்திரத்தையே பாழாக்கிவிடும். இதில் ஒரு முரணும் உண்டு. நீர் புகாதபடி நன்றாக அடைத்த வீட்டுப்பெட்டி, வெள்ளத்தில் படகைப் போல மிதக்கத் தொடங்கும். சக்கரங்கள் தரையை விட்டுவிடும். ஓடும் நீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். ஆதலால், காற்றுக்குழாய் உயரமாக இருக்கிறது என்ற துணிவில் ஓடும் வெள்ளத்தில் யாரும் இறங்கிவிடக் கூடாது.

இவ்வகை வாகனத்தைத் தனியொருவர் கட்டிவிட முடியாது. பற்றவைப்பவர், தச்சர், மின்பணியாளர், குழாய் பொருத்துபவர், இயந்திரப் பணியாளர் என ஐந்தாறு கைகள் சேர வேண்டும். இத்தொழில்களைக் கற்பிக்கும் தொழிற்கல்லூரி அருகிலுள்ள சிலிம் ரிவரிலேயே இருக்கிறது. லோரிக்கு உடல் கட்டும் கலை தமிழர்களுக்கும் அந்நியமானதன்று. தமிழ்நாட்டில் நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்களில் வெற்று அடிச்சட்டமாக வந்து சேரும் லோரிகளுக்குப் பட்டறைகளே உடல் கட்டித் தருகின்றன. ஆழ்துளைக் கிணறு தோண்டும் பொறியைச் சுமந்த திருச்செங்கோட்டு லோரிகள் இந்தியா முழுவதும் செல்கின்றன. அவற்றோடு செல்லும் தொழிலாளர்கள் மாதக் கணக்கில் வண்டியோடு வண்டியாக வாழ்கிறார்கள். அவர்களை யாரும் பயணிகள் என்று அழைப்பதில்லை. ஆனால், லோரியோடு வாழ்வதைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு பலருக்குத் தெரியாது.

கட்டி முடித்த லோரியை உடனே நெடும்பயணத்துக்குக் கொண்டுசெல்வதில்லை. தண்ணீரும் டீசலும் நிரப்பி, முழுச் சுமையோடு அருகிலுள்ள மண்பாதையில் ஓட்டிப் பார்ப்பார்கள். முதல் 100 கிலோமீட்டருக்குள் சக்கர மறைகளை மீண்டும் முடுக்குவார்கள். பிறகு முன்பக்கச் சக்கரம் ஒன்றையும் அதற்கு மூலைவிட்டமான பின்சக்கரத்தையும் மேட்டில் ஏற்றி, அடிச்சட்டம் நன்றாக முறுக்கிக்கொள்ளும் நிலையில் லோரியை நிறுத்துவார்கள். கட்டியவர் இறங்கி, பின்னால் நடந்து சென்று, வீட்டின் கதவை ஒரே விரலால் இழுத்துப் பார்ப்பார். கதவு தடையின்றித் திறந்தால் லோரி புறப்படலாம். இறுகிக்கொண்டால் மறுபடியும் பட்டறைக்குத்தான்.